அங்கமுத்து அண்ணனின் ஐந்து உளிகள்

உளியின் ஒரு மூலை மட்டும் மரத்தில் இறங்கியது. மறு மூலை காற்றில் நின்றது. மரக் கொட்டாப்புளி ஓங்கி விழுந்ததும் கோங்கு மரச் சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில், ஒரு விஜயதசமி காலை. பாடி இல்லாமல் புதிதாக வந்து நின்ற வெறும் சேசிஸுக்கு மாலை போட்டிருந்தது. லாரி வாங்கியவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். மனைவி, மகள், மச்சான் என்று ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். எல்லோர் கையிலும் பொரிகடலைப் பொட்டலம். மென்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன.

அடித்தவர் அங்கமுத்து அண்ணன், அந்தப் பட்டறையின் மூத்த தச்சர். புது வண்டியின் முதல் சட்டத்தில் முதல் வெட்டுப் போடுவது எப்போதும் அவர்தான். உளியை இரண்டு விரற்கடை தள்ளி வைத்து மறுபடி அடித்தார். மறுபடியும் அதே மூலை இறங்கியது, அதே மாதிரி வெடித்தது.

முதல் மரம் பிளந்தால் வண்டிக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள் நிறைந்த ஊர் இது. நான் நம்புகிறவள் இல்லை. ஏன் அப்படி ஆகிறது என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அடித்தவர். இன்னொருத்தி நான். எனக்கும் தெரிந்து அரை நிமிடம்தான் ஆகியிருந்தது.

கல்லும் தண்ணீரும்

இந்தத் தொடரை நடுவில் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சாணை பிடிப்பவள். தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு போகிற வேலை இல்லை. வீட்டின் முன்னறையில் மோட்டார் வைத்த சாணை மெஷின் இருக்கிறது. லாரிப் பட்டறைகளிலிருந்து உளியும் இழைப்புளித் தகடும் சனிக்கிழமை சாக்கில் வரும். திங்கட்கிழமை காலை கூர் ஏறித் திரும்பிப் போகும்.

அதற்கு முன் மேட்டூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் இருந்தேன். அளவு பார்க்கிற வேலை. கருவியை வைத்துப் பார்ப்பேன். உருப்படி சரியாக இருந்தால் இந்தப் பக்கத் தட்டு, இல்லையென்றால் அந்தப் பக்கத் தட்டு. நடுவில் தட்டு கிடையாது. அந்தப் பிரிவை மூடியபோது கொடுத்ததை வாங்கிக்கொண்டு கணவரின் ஊரான நாமக்கல்லுக்கு வந்து சேர்ந்தேன். வேலைதான் போனது, அந்தக் கண் போகவில்லை. சாப்பாட்டு மேசை கோணலாகக் கிடந்தால்கூட நான் சாப்பிட உட்காருவதில்லை என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மைதான்.

முதலில் வாங்கியது சாதாரண கிரைண்டர். தண்ணீர் கிடையாது, வேகம் அதிகம். பொறி பறக்கும்போது பார்க்க நன்றாக இருக்கும். ஒரே மாதத்தில் ஐந்தாறு தச்சர்களின் உளியை நீலமாக்கிக் கொடுத்தேன். சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விடும். அப்புறம் அது உளி இல்லை, பெயின்ட் டப்பா திறக்கிற தகடு. அவர்கள் என்னைத் திட்டியதை அச்சடிக்க இந்த இதழின் ஆசிரியர் ஒப்ப மாட்டார்.

இப்போது இருப்பது வேறு மாதிரி. வட்டக் கல் பாதி தண்ணீரில் முழுகியபடி மெதுவாகச் சுற்றும். உளியை ஒரு பிடியில் வைத்துத் திருகி இறுக்கிவிட்டால், வைத்த கோணத்தை விட்டு மயிரிழை நகராது. சூடே ஆகாது. பிறகு பக்கத்திலேயே சுற்றுகிற தோல் சக்கரத்தில் மெருகு. கூர் வந்துவிட்டதா என்று கை முடியில் இழுத்துப் பார்ப்பேன். என் இடது முன்கை வருஷம் பூராவும் மொட்டையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆரம்பத்தில் கோழிப் பண்ணைக்காரர்களும் வந்தார்கள். கருவாடு கலந்து தீவனம் அரைக்கிற மெஷினின் பிளேடுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கல் முழுக்கக் கருவாட்டு வாடை ஏறிவிட்டது. ஒரே வாரத்தில் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

உளியைப் பார்த்து ஆளைச் சொல்வேன்

சாக்கைப் பிரித்தால் உளிகள் மட்டும்தான் இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் உளியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். உளியின் கூர்வாயில் பல் விழுந்திருந்தால், மரத்தில் ஆணி இருக்கிறதா என்று பார்க்காமல் இறக்குகிறவர். பிடியின் தலை பூவாக விரிந்திருந்தால், கொட்டாப்புளியை எடுக்கச் சோம்பல்பட்டுச் சுத்தியலால் அடிக்கிறவர். கழுத்தில் பெயின்ட் ஒட்டியிருந்தால், நான் மேலே சொன்ன டப்பா திறக்கிற ஆள்.

ஒருமுறை ஒரு உளியைப் பார்த்துவிட்டு, இதை வைத்திருப்பவருக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் அந்த ஆள் கண்ணாடியோடு வந்து நின்றார். அன்று முதல் எனக்குத் தலை கால் புரியவில்லை.

இந்த இடத்தில்தான் அங்கமுத்து அண்ணன் எனக்கு உறுத்தத் தொடங்கினார்.

அந்தப் பட்டறையின் ஓனர் சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். தச்சர்கள் காலையில் கல்லும் தண்ணீருமாக உட்கார்ந்து தேய்ப்பதில் நேரம் போகிறது என்று, எல்லோருடைய உளியையும் வாரம் ஒரு தடவை எனக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். எல்லோரும் கொடுத்தார்கள். அங்கமுத்து அண்ணன் இழைப்புளித் தகட்டைக்கூடக் கொடுக்கவில்லை. நானே நேரில் போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே, எனக்கு என் கல்லே போதும் அம்மிணி என்று சொல்லிவிட்டார்.

அவர் தன் உளிகளை ஒரு துணிப் பையில் சுற்றி வைத்திருப்பார். வேலை முடிந்ததும் பை வீட்டுக்குப் போய்விடும். ஒரு தச்சரின் உளியை இன்னொருவர் தொடுவதில்லை என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். அதனால் அவற்றை யாரும் கிட்டத்தில் பார்த்ததில்லை. எனக்கோ, ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட மெஷினை ஒருவர் மட்டும் வேண்டாம் என்பது பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தது.

பூஜைக்கு முந்தின நாள்

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் இருக்கிற ஆயுதம் அத்தனையும் பூஜையில் இருந்தாக வேண்டும். அதற்கு முந்தின நாள் அங்கமுத்து அண்ணன் ஆத்தூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகவேண்டி வந்தது. வேறு வழியில்லாமல் பையைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு, எண்ணெய் போட்டுத் துடைத்து வையுங்கள், அது போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஓனர் அதையும் என் சாக்கில் போட்டு அனுப்பிவிட்டார். போனில் அவர் சொன்னது நினைவிருக்கிறது. அண்ணன் எத்தனை வருஷமாகக் கையாலேயே தேய்க்கிறார், திரும்பி வந்து பார்க்கும்போது சந்தோஷப்படட்டும் என்றார்.

பையை அவிழ்த்தேன். ஐந்து உளிகள், ஒரு இழைப்புளித் தகடு. ஐந்து உளிகளின் வாயும் கோணல். ஒரு மூலை மேலே ஏறி, மறு மூலை கீழே இறங்கி, ஐந்தும் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. இழைப்புளித் தகடு மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். தகட்டை இவ்வளவு நேராகத் தேய்க்கத் தெரிந்தவர், உளியை மட்டும் ஏன் ஒரே அளவாகக் கோணல் பண்ணி வைத்திருக்கிறார்? உளியைப் பார்த்து ஆளைச் சொல்கிறவள் அன்று அதைக் கேட்கவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. என் மெஷின் வேண்டாம் என்றவரின் லட்சணம் இதுதானா என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கோணலை எடுக்க மத்தியானம் முழுவதும் பிடித்தது. தொட்டித் தண்ணீர் கருத்துப்போய் மூன்று தடவை மாற்றினேன். இரும்பு நிறையப் போனது. கடைசியில் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். ஐந்திலும் ஒரு கோடு வெளிச்சம் புகவில்லை.

அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று செய்தேன் என எழுதினால் அது பொய். அவருக்குப் பாடம் புகட்டத்தான் செய்தேன்.

சந்தனத்துக்குக் கீழே

மறுநாள் சாயங்காலம் பூஜை. சிவப்புத் துணி விரித்து, எல்லா உளிகளையும் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். என்னையும் அழைத்திருந்ததால் போயிருந்தேன். கற்பூரம் காட்டி முடித்த பிறகுதான் ஆத்தூரிலிருந்து வந்த பஸ் தாமதம் என்று அங்கமுத்து அண்ணன் வந்து சேர்ந்தார்.

நேராகத் தன் உளிகளுக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றார். சந்தனத்துக்குக் கீழே வாய்கள் பளபளவென்று மின்னின. கையை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடிகிற வரை யாரும் எடுக்கக் கூடாது. எவ்வளவு அவசர வேலை கிடந்தாலும் அந்தப் பட்டறையில் அதை மீறியதில்லை.

மெஷினில் போட்டீர்களா என்று என்னிடம் கேட்டார். ஆமாங்ணா, ஒரு கோடு வெளிச்சம் புகாதுங்க என்றேன். அவர் "செரிங்க" என்றார். தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை அவர் வராமல் இருந்திருக்கலாம். பின்னால் நான் அதைக் கேட்டபோது, முதல் வெட்டு நாளில் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று பேச ஆரம்பிப்பார்கள் என்றார். வந்தார். மறுபூஜை முடிந்தது. ஓனர் உளியை எடுத்துக் கண்ணில் ஒற்றி அவர் கையில் கொடுத்தார்.

அரை நிமிடம்

அவர் இரண்டாவது தடவை அடித்தபோது நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உளியைப் பிடித்திருந்த இடது கை மரத்தின் மேல் நேராக நிற்கவில்லை. மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, அதோடு உளியும் சாய்ந்திருந்தது. நிமிர்த்தப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மணிக்கட்டு நிமிரவில்லை.

அந்தச் சாய்வு எனக்குத் தெரிந்த அளவு. முந்தா நாள் மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து அவருடைய உளிகளிலிருந்து நான் எடுத்துப்போட்ட கோணல் அவ்வளவுதான். கை சாய்ந்த அளவுக்கு உளியின் வாயையும் சாய்த்து வைத்திருந்தார். சாய்ந்த கையில் அந்தக் கோணல் வாய் மரத்தில் ஒரே சீராக உட்காரும். நான் நேராக்கிய வாய் ஒரு மூலையில்தான் நிற்கும். இழைப்புளித் தகடு கட்டைக்குள் உட்காருவதால் அதற்கு மட்டும் கோணல் தேவைப்படவில்லை.

ஓனர் கிட்டே வந்தார்.

"ஏனுங்ணா, கையில ஏதாச்சும் தொந்தரவுங்களா?"

அக்கறையாகத்தான் கேட்டார். அந்த அக்கறைதான் ஆபத்து. பட்டறை கேட்டில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு காலத்தில் பேர் போன தச்சர். விரல்கள் மரத்துப்போனதும் அவரைக் கைவிடாமல் அங்கே உட்கார வைத்தார்கள். சம்பளம் குறையவில்லை, வேளைக்கு டீ போகும். லாரி வந்தால் கேட்டைத் திறப்பார், போனால் மூடுவார். யாரும் அவரை மரத்தின் பக்கம் கூப்பிடுவதில்லை.

அங்கமுத்து அண்ணன் ஒரு தடவை கேட் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்துவிட்டேன்.

"தப்பு என்னுதுங்க," என்றேன். "மெஷின்ல கோணம் மாறிப்போச்சு. அண்ணன் உளி அஞ்சையும் நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

தியாகம் என்றெல்லாம் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொன்னதில் கடைசி வாக்கியம் உண்மை. மற்றது எனக்கே தெரியாமல் வாயில் வந்தது.

லாரிக்காரரின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல நாள் அதுவுமாக என்று ஆரம்பித்து நிறையச் சொன்னார். ஓனருக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு சட்டம் கொண்டுவரச் சொல்லி, வேறு தச்சரைக் கூப்பிட்டு, அவருடைய உளியால் முதல் வெட்டைப் போடவைத்தார். உளி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அதுவும் அதே சாக்கில் வந்து அதே மெஷினில் கூர் ஏறிய உளிதான். அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாக்கு வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு பட்டறைகள் நின்றுபோயின. நாமக்கல்லில் முட்டை விலையைவிட வேகமாகப் பரவுவது இந்த மாதிரி சேதிதான்.

பதினோரு டிகிரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கமுத்து அண்ணன் துணிப் பையோடு வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

பழைய மாதிரி ஆக்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கல்லில் கையால் தேய்த்தால் ஐந்துக்கும் மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பட்டறையில் எதையாவது சொல்லிச் சமாளிக்க முடியாது என்றார். இந்த ஒரு வாரமும் துளை போடுகிற வேலை, ஆணி அடிக்கிற வேலை என்று நழுவிக்கொண்டே இருந்திருக்கிறார்.

பழைய கோணல் எவ்வளவு என்று எனக்குக் கணக்காகத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, அன்று அளந்து பார்க்கத் தோன்றவில்லை. அதனால் அவர் கையை அளக்க வேண்டியிருந்தது. ஒரு பலகையின் மேல் உளியைப் பிடிக்கச் சொன்னேன். டூல் ரூமிலிருந்து நான் கொண்டுவந்த கோணமானியை மணிக்கட்டின் ஓரமாக வைத்தேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பதினோரு டிகிரி.

அளந்துகொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். என் மெஷின் வருவதற்கு முன், ஒரு மழை நாளில் லாரி கேபின் மேலிருந்து வழுக்கி விழுந்திருக்கிறார். அன்று பட்டறையில் அவரைத் தவிர ஆள் இல்லை. ஸ்கூட்டரில் சறுக்கிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். கட்டுப் போட்டிருக்கிறார்கள். நாலு வண்டி டெலிவரிக்கு நிற்கிறது என்று மூன்றாவது வாரமே கட்டைத் தானே பிரித்துவிட்டார். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் தெரியும்.

மெஷினின் பிடியைப் பதினொன்றுக்குத் திருப்பி இறுக்கினேன். என் ஆயுளில் தெரிந்தே ஒன்றைக் கோணலாக்கியது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது உளி முடிந்ததும் பலகையில் வைத்து அடித்துப் பார்த்தார். சீராக இறங்கியது. இன்னொரு தடவை அடித்தார். தேவையில்லாமல் மூன்றாவது தடவையும் அடித்தார். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

கோணல் மெஷின்

அதன் பிறகு பட்டறைகளில் எனக்குக் கோணல் மெஷின்காரி என்று பெயர் வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் டீக்கடையில் என் மெஷினை மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கேலி செய்வது அங்கமுத்து அண்ணன்தான் என்று கணவர் வந்து சொன்னபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் மறுபடி கூர் ஏற்ற வந்ததும் வாசலிலேயே கேட்டுவிட்டேன்.

அவர் தலை குனியவில்லை.

"வேற என்னத்தச் சொல்றதுங்க அம்மிணி? நாஞ் சும்மா இருந்தா என் கையத்தான் பார்ப்பாங்க."

உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். அன்றுதான் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

நின்றுபோன பட்டறைகளில் ஒன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. அவருடைய பட்டறை இன்னும் வரவில்லை. வராது. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். பேரை மாற்றிப்போட்டு எழுதுங்கள், பட்டறையில் எவனும் உட்கார்ந்து படிப்பதில்லை என்றார். மாற்றியிருக்கிறேன். பட்டறை எந்தச் சாலையில் இருக்கிறது என்பதையும் சொல்லப்போவதில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு மத்தியானம் இப்போதும் வருகிறார். டீ குடிப்பார். நான் பிடியை இறுக்குவேன். ஒரு வருஷம் பதினொன்றிலேயே ஓடியது. பிறகு ஒரு நாள், இன்னும் கொஞ்சம் சாய்க்கணும் அம்மிணி என்றார். பதின்மூன்று வைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. போன ஐப்பசியில் பதினைந்து.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பதினேழில் வைத்துக் கொடுத்தேன். பலகையில் அடித்துப் பார்த்துவிட்டு, இப்போது சரியாக இருக்கிறது என்று சந்தோஷமாகப் பையைச் சுற்றினார். இந்த மெஷினின் பிடி இருபதுக்கு மேல் திரும்பாது. அதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.